வெளிநாட்டுத் தீர்ப்பைத் தேடிப் பிடிப்பது எப்படி?

வேறு நாட்டுத் தீர்ப்பு ஒன்று வேண்டுமென்றால், எடுத்த எடுப்பில் தேடல் பெட்டிக்குப் போவதில்லை. அந்த நாட்டில் வழக்கை எதை வைத்து அடையாளம் காண்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்போம். இங்கிலாந்து, இந்தியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் தரப்பினர் பெயரே பெரும்பாலும் போதும். ஜெர்மனியில் அது எடுபடாது. வெளியாகும் தீர்ப்புகளில் தனிநபர் பெயர்களை நீக்கிவிடுவார்கள். நீதிமன்றம், தீர்ப்புத் தேதி, வழக்கு எண் ஆகிய மூன்றும்தான் அங்கே பிடி.

சைட்டேஷனை, அதாவது தீர்ப்பு எந்தத் தொகுப்பில் எங்கே அச்சாகியிருக்கிறது என்று காட்டும் குறிப்பை, சரியாகப் படித்தால் பாதி வேலை முடிந்தது. ஆங்கிலேய மரபில் [1932] ஏ.சி. 562 (ஏ.சி. என்பது தொகுப்பின் பெயர்ச் சுருக்கம், 562 பக்க எண்) என்று ஆண்டு சதுர அடைப்புக்குள் வந்தால், ஆண்டு தெரியாமல் புத்தகத்தை எடுக்க முடியாது. (1889) 14 ஆப். கேஸ். 337 என்று வளைவு அடைப்பில் வந்தால் தொகுதி எண் 14 போதும். இதே விதியை இந்தியாவின் எஸ்.சி.சி. என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்புக்குப் பொருத்தினால் மாட்டிக்கொள்வோம். கேசவானந்த பாரதி வழக்கு (1973) 4 எஸ்.சி.சி. 225. அடைப்பு வளைவுதான், ஆனால் ஒவ்வோர் ஆண்டும் தொகுதி எண் ஒன்றிலிருந்து தொடங்குவதால் ஆண்டு இல்லாமல் நகர முடியாது. இன்னொரு தொகுப்பில் ஏ.ஐ.ஆர். 1973 எஸ்.சி. 1461 என்று வருவதும் இதே தீர்ப்புதான்.

ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் விமானப் பாதுகாப்புச் சட்டத் தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்குறிப்புகளில் 'பிவெர்ஃப்ஜிஇ 115, 118' என்று மட்டும் இருக்கும். அதிகாரபூர்வத் தொகுப்பின் 115ஆம் தொகுதி, 118ஆம் பக்கம் என்று பொருள். இணையத்தில் தேடக் கைகொடுப்பது '1 பிவிஆர் 357/05' என்ற வழக்கு எண். 1 என்றால் முதலாம் செனட் (நீதிபதிகள் குழு), பிவிஆர் என்றால் அரசியலமைப்புப் புகார், 357 வரிசை எண், 05 வழக்கு பதிவான ஆண்டு. தீர்ப்பு வந்ததோ 2006 பிப்ரவரி 15 அன்று. தேதி வடிகட்டியில் 2005 என்று கொடுத்தால் இது வராது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்திலும் இதே கதைதான். வான் கென்ட் என் லோஸ் வழக்கின் எண் 26/62, தீர்ப்பு 1963இல். ஈ.சி.எல்.ஐ. எனும் ஐரோப்பியத் தீர்ப்பு அடையாள எண் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. இதே வழக்குக்கு அது ஈசிஎல்ஐ:ஈயு:சி:1963:1. அதில் நிற்பது தீர்ப்பின் ஆண்டு.

எண் எதுவுமே கையில் இல்லையென்றால்? கருத்துச் சொல்லை மொழிபெயர்த்துத் தேடுவதைவிடச் சட்டப் பிரிவின் எண்ணைத் தேடுவது மேல். ஜெர்மனியில் தீங்கியல் பொறுப்புக்கு (பிறருக்கு இழைத்த தீங்குக்கு ஈடு தரும் பொறுப்பு) சிவில் சட்டத்தின் பிரிவு 823. பிரான்சில் கவனம் தேவை. இதே பொறுப்புக்குப் பல காலம் 1382ஆக இருந்த பிரிவு, 2016 அக்டோபர் முதல் 1240 ஆகிவிட்டது. ஒன்றை மட்டும் தேடினால் பாதித் தீர்ப்புகள் கண்ணில் படாது.

இணையத்தில் இலவசமாகப் படிக்க பிரிட்டனுக்கு பெய்லி, ஆஸ்திரேலியாவுக்கு ஆஸ்ட்லி, கனடாவுக்கு கேன்லி, இந்தியாவுக்கு இந்தியன் கானூன், பிரான்சுக்கு லெஜிஃப்ரான்ஸ், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கு ஹூடாக் என்று நிறைய தளங்கள் உண்டு. இவை எதிலும் எல்லாத் தீர்ப்பும் இருக்காது. பழையவற்றுக்கு அச்சுத் தொகுப்புதான் கதி.

கிடைத்த தீர்ப்பு இன்னும் நிற்கிறதா என்று பார்க்கும் வழியும் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்து, இந்தியா போல முன்தீர்ப்புகளைப் பின்பற்றும் பொதுச் சட்ட நாடுகளில் அதைப் பின்னர் மேற்கோள் காட்டிய தீர்ப்புகளின் பட்டியலைப் புரட்ட வேண்டும். சிவில், குற்ற வழக்குகளுக்கான பிரான்சின் உச்ச நீதிமன்றமான கசேஷன் நீதிமன்றம் கீழ்த் தீர்ப்பை ரத்து செய்தால், வழக்கு பெரும்பாலும் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குத் திரும்பும். அங்கே என்ன ஆனது என்று பார்க்காமல் யார் வென்றார் என்று எழுதிவிடக் கூடாது.