வில்லின் பிடியில் ஒரு மீன்

ஜனவரி 6

நாணை இழுத்தால் வில்லின் இரு கைகளும், அதாவது பிடிக்கு மேலும் கீழும் உள்ள பகுதிகள், ஒரே சீராக வளைகின்றன. இனி அலங்காரம். வில் கேட்ட தம்பிக்கு மேலிருந்து கீழ்வரை எலும்பில் வெட்டிப் பதித்த மீன் வரிசை வேண்டுமாம். "பாண்டியர் மீன் அண்ணா, தூரத்திலிருந்தே தெரிய வேண்டும்" என்கிறார். வில் சேரர் சின்னமாயிற்றே என்றேன், சிரித்துவிட்டார்.

சேர பாண்டியச் சண்டை இருக்கட்டும், வளையும் இடத்தில் உளி வைப்பதுதான் என் கவலை. நாணை இழுக்கும்போது வில்லின் முதுகு இழுபடும். எய்பவரைப் பார்க்கும் வயிறு நெரிபடும். இதன் முதுகில் ஒட்டியிருப்பது மூங்கில் பட்டை. மூங்கிலின் பலமெல்லாம் வெளித்தோலை ஒட்டிய நார்களில்தான். அதில் குழி தோண்டினால் பிளவு அங்கிருந்தே கிளம்பும். வளையாத பிடியில் ஒரே ஒரு மீன் என்று சொல்லிவிட்டேன். வில்லுப்பாட்டு வில்லில் நெடுக மணி கட்டலாம். அதில் யார் அம்பு தொடுக்கிறார்கள்?

ஜனவரி 9

பிடி ஈட்டி மரம். அந்தக் கருஞ்சிவப்புக்கு வெள்ளைதான் எடுக்கும். தஞ்சாவூர் வீணைகளில் ஒரு காலத்தில் தந்தம் பதித்தார்கள், இப்போது பிளாஸ்டிக். எனக்குப் பிளாஸ்டிக்கின் செத்த வெள்ளை பிடிக்காது. மாட்டுக் கால் எலும்பை வேகவைத்து, கொழுப்பு நீக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறப்போட்டிருக்கிறேன். பிளீச்சிங் பவுடர் போட்டால் எலும்பு பொடிந்துபோகும்.

ஜனவரி 13

எலும்பு காய்கிறது. நாளை பொங்கல், பட்டறை பூட்டு.

ஜனவரி 17

எலும்பைத் தட்டையாக அறுத்து, மீன் வரைந்த காகிதத்தை ஒட்டி, பொற்கொல்லர் ரம்பத்தால் வெட்டினேன். தூள் நெஞ்சுக்கு ஆகாது என்பதால் முகமூடி. ஓரங்களை அடிப்பக்கம் சற்று உள்வாங்கும்படி அரத்தால் ராவினேன். அப்போதுதான் அழுத்தும்போது மேல் விளிம்பு மரத்தைக் கவ்வும்.

மீனைப் பிடிமேல் வைத்துக் கத்தி முனையால் சுற்றிக் கீறினேன். பென்சில் கோட்டை நம்பினால் அதன் பருமனே சந்தாகிவிடும். குழியின் ஆழம் எலும்பின் கனத்தைவிட அரை மில்லிமீட்டர் குறைவு. வால் நுனிதான் உயிரை வாங்கியது. ரேகைக்குக் குறுக்கே உளி போகும் இடத்தில் மரம் சிலும்பிக்கொண்டு வரும். கத்தியால் ஆழமாக வெட்டிய பிறகே அங்கே உளி வைத்தேன்.

ஜனவரி 18

எபாக்சி பசையில் ஈட்டித் தூள் குழைத்து, மீனை அழுத்தி, கிளாம்ப் போட்டாயிற்று. தூள் கலந்தால் மயிரிழைச் சந்தும் மர நிறத்தில் மறைந்துவிடும்.

ஜனவரி 20

துருத்திய எலும்பை அரத்தால் மட்டமாக்கி, உடனே அரக்கு ஒரு பூச்சு கொடுத்தேன். பூசாமல் உப்புத்தாள் போட்டால் ஈட்டித் தூள் எலும்பின் நுண்துளைகளில் புகுந்து மீன் அழுக்காகிவிடும். கண்ணுக்குத் துளையிட்டு ஒரு கருங்காலிக் குச்சி. மீன் முழித்துக்கொண்டது.

மாலையில் தம்பி வந்தார். பிடியைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "கைகளிலும் ரெண்டு சின்ன மீன்..." என்று இழுத்தார். உளி படாமல் வண்ணத்தில் வரைந்து தருகிறேன், அதற்குத் தனிக் காசு என்றேன். சரி என்று சொல்லிவிட்டார்.