பெரிய கோவில், சின்னக் கோவில், எங்கள் ஓலைக் கோவில்

கத்தாரில் உள்ள நம் சங்கத்தின் மலருக்குக் கட்டுரை கேட்ட தம்பி, "பள்ளி நாள்களைப் பற்றி ஏதாவது எழுதுங்கள் அண்ணா" என்றான். தூத்துக்குடியில் சாமியார்கள் நடத்திய பள்ளியில் படித்தவனுக்குப் பள்ளிக்கூடத்தைத் தனியாகவும் கோவிலைத் தனியாகவும் பிரித்து எழுத வராது. அதனால் கோவில்களைப் பற்றியே எழுதுகிறேன். நம் ஊரில் கோவில்கள் பெருகிய கதையில் பாதி பக்தி, பாதி சண்டை. இரண்டையும் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

முதலில் பெரிய கோவில், அதாவது பனிமய மாதா கோவில். 1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித் துறைக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே நம் கடற்கரை ஞானஸ்நானம் பெற்றுவிட்டது. பனிமய மாதாவின், நம் வழக்கில் தஸ்நேவிஸ் மாதாவின், சுரூபம் மணிலாவிலிருந்து கப்பலேறி வந்தது 1555-இல். சேசு சபைத் துறவிகள் கட்டிய இரக்க மாதா கோவில் 1582 ஆகஸ்டு 5 அன்று அர்ச்சித்துத் திறக்கப்பட்டது. இன்றுவரை திருவிழா நாளும் அதுதான்.

1658-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். புராட்டஸ்டண்டு சீர்திருத்த சபைக்காரர்கள்; சுரூபம், பூசை, செபமாலை எதுவும் அவர்களுக்கு ஆகாது. கோவில்கள் கைமாறின, குருக்கள் வெளியேறினார்கள். மக்கள் மாதா சுரூபத்தை மறைத்து வைத்துக் காப்பாற்றினார்கள். டச்சுக்காரர்கள் எவ்வளவோ முயன்றும் பரதவர்களை வேதம், அதாவது மதம், மாற்ற முடியவில்லை. முத்துக் குளிக்க ஆள் வேண்டுமே! கடலில் இறங்குகிறவனை ஓரளவுக்கு மேல் பகைத்துக்கொள்ள முடியாது. கடைசியில் விட்டுப் பிடித்தார்கள். விஜிலியுஸ் மான்சி என்ற சேசு சபைக் குரு 1712-இல் அடிக்கல் நாட்டி, மறு வருஷம் ஆகஸ்டு 5-இல் மாதாவுக்குக் கோவிலை முடித்தார். நாம் இன்று பார்க்கும் பெரிய கோவிலின் தொடக்கம் அதுதான். டச்சுக்காரர்கள் கடற்கரைச் சாலையில் கட்டிய கோவில் 1750-இல்தான் எழுந்தது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் வரும்: ஊரை ஆண்ட டச்சுக்காரர்களை நம் ஆட்கள் முந்திக்கொண்டார்களே என்று.

திருவிழாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூலை 26 கொடியேற்றம், அப்புறம் நமக்கு வகுப்பில் மனசு நிற்காது. தங்கத் தேரை மட்டும் சொல்லாமல் விட முடியாது. 1806 பிப்ரவரி 2-இல் பரதவரின் சாதித் தலைவர் காலத்தில் முதல் முறை ஓடிய தேர் அது. வருஷா வருஷம் இழுக்கமாட்டார்கள். கோவிலின் 300-ஆவது ஆண்டான 2013-இல் இழுத்தபோது விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். வடத்தில் கை வைக்க இடம் கிடைக்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற பெரியவர், தன் கையை எடுக்காமலே திரும்பிப் பார்த்து, "எங்க இருந்து வாறீக?" என்றார். கத்தார் என்றதும் ஒரு சாண் நகர்ந்து கொடுத்தார். கயிறு கையில் பட்டது. அவ்வளவுதான் என் பங்கு. அந்த ஒரு சாணை நான் எளிதில் மறக்கமாட்டேன்.

இனி சண்டைக்கு வருகிறேன். வெளியூர்க்காரர்கள் எப்போதும் குழம்புவார்கள்: ஆயரின் (பிஷப்பின்) பேராலயம் சின்னக் கோவில், ஆனால் ஊரே போய் விழுவது பெரிய கோவிலில். காரணம் இதுதான். போர்ச்சுகல் அரசரின் ஞானாதரவின் கீழ், அதாவது திருச்சபைக்கு அவர் காவலராக இருந்த ஏற்பாட்டின் கீழ், வந்த கோவாக் குருக்கள் ஒரு பக்கம். உரோமை நேரடியாக அனுப்பிய பிரெஞ்சு சேசு சபையார் இன்னொரு பக்கம். பெரிய கோவில் கோவாக்காரர்களிடம் இருந்தது. பிரெஞ்சுச் சாமியார்கள் தங்களுக்கென்று திரு இருதய ஆண்டவர் பெயரில் 1849-இல் எழுப்பியதுதான் சின்னக் கோவில். ஒரே ஊரில் ஒரே வேதத்துக்கு இரண்டு அதிகாரம். யார் எந்தக் கோவிலில் தாலி கட்டுவது, யார் எந்தக் கல்லறையில் அடங்குவது என்பதெல்லாம் வழக்கானது. என் பாட்டி சாகும்வரை, பெரிய கோவில்காரர்கள், சின்னக் கோவில்காரர்கள் என்று சம்பந்திகளைப் பிரித்துத்தான் பேசினார்.

1923-இல் தூத்துக்குடி தனி மறைமாவட்டம் ஆனது. முதல் ஆயர் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை. இலத்தீன் வழிபாட்டு முறையில் நவீன காலத்தின் முதல் இந்திய ஆயரும் அவரே. சின்னக் கோவில் பேராலயம் ஆனது. உரோமையும் போர்ச்சுகலும் 1928-இல் உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு இரட்டை ஆட்சி ஒழிந்தது. பெரிய கோவிலுக்குப் பசிலிக்கா பட்டம் 1982-இல் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசரிடமிருந்து வந்தது. ஆக ஒன்றுக்கு ஆயரின் நாற்காலி, மற்றதற்குப் பாப்பரசரின் பட்டம். இப்போது இரண்டு பக்கமும் சமாதானம்தான்.

இந்த இரண்டு கோவில்களுக்கும் நடுவே வளர்ந்தவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. உண்மையில் நான் வளர்ந்தது ஊரின் ஓரத்தில், ஓலைக் கோவில் ஒன்றின் பக்கத்தில். 1974-இல் புதுத் துறைமுகம் பெருந்துறைமுகம் ஆனது. உரத் தொழிற்சாலை வந்தது, அனல்மின் நிலையம் வந்தது. வேலை தேடி வந்தவர்களும் பழைய தெருக்களில் இடம் போதாதவர்களும் வெளியே வீடு கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஊருக்குள் நடந்து வருவது கிழவிகளுக்கு ஆகவில்லை. முதலில் ஒரு குருசடி, அதாவது சிலுவை நட்ட சிறு செபக்கூடம், வந்தது. குருசடிக்கு முன்னால் வெயிலுக்கு ஒரு பந்தல். பந்தலுக்குப் பக்கச் சுவராக ஓலைத் தட்டி. பங்கு என்கிற கோவில் வட்டாரம் இப்படித்தான் பிறக்கிறது. ஆயரில்லத்திலிருந்து ஆணை வருவது கடைசியில்.

அந்தக் கோவிலில் முழங்காலிட்டால் மணல் பதிந்துவிடும். பூசை முடிந்து எழுந்தால் எல்லார் முழங்காலிலும் பொடிப் பொடியாகக் கிளிஞ்சல் ஒட்டியிருக்கும். கடல்காற்று அடித்தால் பீடத்து மெழுகுதிரி நிற்காது. சாமியாருக்கு உதவியாக இருந்த உபதேசியார் அரிக்கேன் விளக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்து கவிழ்த்து வைப்பார். மழைக்கு ஓலை ஒழுகும் இடம் ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரியாத விருந்தாளிதான் அங்கே உட்காருவான்.

கட்டடக் கோவில் கட்ட முடிவானதும் பணம் எங்கிருந்து வந்தது என்பதை எழுதி வைக்க வேண்டும். வெளிநாட்டுப் பணம் என்று இன்று பேசுகிறார்கள். முதல் கல் வெளிநாட்டுப் பணத்தில் வரவில்லை. மீன்பாட்டில் கோவிலுக்கென்று எடுத்து வைத்த பங்கிலிருந்து வந்தது. நல்ல மீன்பாடு உள்ள மாதத்தில் சுவர் உயரும். இல்லாத மாதத்தில் கம்பி துருப்பிடிக்கும். ஞானோபதேச வகுப்பு முடிந்ததும் எங்களை வரிசையாக நிறுத்தி, மணல் சட்டியைக் கைமாற்ற விடுவார்கள். மேல்தளக் கான்கிரீட் போட்ட அன்று படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை. கொத்தனாருக்குக் கையாளாக நின்றவர்கள் எல்லாரும் மீனவர்கள். இரவு கேஸ் விளக்கு வெளிச்சத்தில் வேலை நடந்தது. பெண்கள் கருப்பட்டிக் காப்பியும் அவித்த கிழங்கும் கொண்டுவந்தார்கள். கொத்தனார் மட்டும் கடைசிவரை எரிச்சலாகவே இருந்தார். ஆளாளுக்கு யோசனை சொன்னால் அவரும் என்ன செய்வார்?

பீடம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் பெரிய தகராறு நடந்தது. கடலைப் பார்க்க வேண்டும் என்றார்கள் படகுக்காரர்கள். சாலையைப் பார்க்க வேண்டும் என்றார்கள் ஆலை வேலைக்காரர்கள். இரண்டு ஞாயிறு சிலர் பூசைக்கே வரவில்லை. சாமியார் வாசலைச் சாலைப் பக்கம் வைத்து, கடல் பக்கம் குகை போன்ற ஒரு கெபியைக் கட்டிக்கொடுத்தார். கெபிக்குத்தான் இன்றும் கூட்டம்.

இப்போது அதையும் இடித்துவிட்டு மூன்று மடங்கு பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள். தரையில் கிரானைட், உச்சியில் விளக்கு மின்னும் கோபுரம். ஆள் பெருகிவிட்டது, இடம் வேண்டும், சரி. ஆனால் பழைய கட்டடத்தில் ஒரு சுவரையாவது விட்டு வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். பெரிய கோவிலை யாரும் இடிக்கச் சொல்வதில்லை. நாற்பது வயதுக் கட்டடத்துக்குத்தான் அந்த மரியாதை கிடைப்பதில்லை.

தோஹாவில் உள்ள நமக்கு 2008-இல் செபமாலை மாதா கோவில் கிடைத்தது. அர்ச்சிக்க வந்த கர்தினால் இவான் டயஸ் மும்பைக்காரர். வெளியே சிலுவை இல்லை, மணிக்கூண்டு இல்லை. உள்ளே தமிழ்ப் பூசை உண்டு. அதற்கு முன் நம்மில் மூத்தவர்கள் வீட்டுக் கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்ன காலத்தை அவர்களே எழுதினால் நன்றாக இருக்கும்.

ஒரு வேண்டுகோள். ஓலைக் கோவிலின் படம் ஒன்றுகூட பங்கில் இல்லை என்கிறார்கள். அந்தக் காலத்தில் அங்கே முதல் நற்கருணை வாங்கியவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறீர்கள். வாசலில் நிறுத்தி எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் யார் வீட்டுப் பெட்டியிலாவது கிடக்கும். பின்னால் தட்டி தெரிந்தால் போதும், நகல் எடுத்து மலர்க் குழுவிடம் கொடுங்கள்.