நடுக்கோடு விலகியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது

பற்களுக்குக் கிளிப் போட வருபவர்களில் சிலர், பல் வரிசையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, புகைப்படத்தில் தம் முகம் ஒரு பக்கமாகக் கோணித் தெரிகிறது என்று சொல்வார்கள். வேறு சிலர் அதைக் கவனித்தே இருக்கமாட்டார்கள். ஆனால் அவர்களுடைய மோவாய் ஒருபுறம் தள்ளியிருப்பது பரிசோதிக்கும் எங்கள் கண்ணில் உடனே படும். இரு பாதியும் அச்சு அசலாக ஒத்திருக்கும் முகம் எவருக்கும் இல்லை என்பதை இரு சாராருக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணாடியில் இடம் வலம் மாறிய தம் முகத்தையே நாள்தோறும் பார்த்துப் பழகியவர்களுக்குப் புகைப்படத்தில் சிறிய வேறுபாடும் பெரிதாகத் தெரிவது இயல்புதான். அதையும் தாண்டிய கோணல் இருக்கும்போது, அது எங்கிருந்து பிறக்கிறது என்று கண்டறியாமல் ஒரு பல்லைக்கூட நகர்த்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மேல் பற்களின் நடுக்கோடும் (நடு முன்பற்கள் இரண்டும் சேரும் கோடு) கீழ்ப் பற்களின் நடுக்கோடும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் நிற்பது வெளியே தெரியும் அடையாளம் மட்டுமே. ஒரு பக்கத்துப் பால் கோரைப்பல் உரிய வயதுக்கு முன்பே விழுந்து, முன்பற்கள் அந்த இடைவெளியை நோக்கிச் சாய்ந்ததாலும் அப்படி ஆகும். தாடை எலும்பு ஒரு பக்கம் நீளமாகவோ குட்டையாகவோ வளர்ந்ததாலும், மூடும்போது கீழ்த்தாடை வழுக்கி ஒருபுறம் ஒதுங்குவதாலும் ஆகும். மெல்லும் தசை ஒரு பக்கம் பருத்திருப்பது, கன்னத்தின் மென்திசு ஒரு பக்கம் மெலிந்திருப்பது போன்றவை பற்களைத் தொடாமலே முகத்தை மாற்றிக் காட்டும். ஒரே நோயாளியிடம் இவற்றில் இரண்டு மூன்று கலந்திருப்பதும் உண்டு.

நோயாளியை நாற்காலியில் சாய்த்து வைத்து இதைப் பார்க்க முடியாது. நிமிர்ந்து உட்காரச் செய்து, நேரே தொலைவில் பார்க்கச் சொல்லி, தலையை அவர் இயல்பாக எப்படி வைத்துக்கொள்கிறார் என்பதை முதலில் கவனிக்க வேண்டும்; மோவாயின் விலகலை மறைக்கத் தம்மையறியாமலே தலையைச் சாய்த்துக்கொள்பவர்கள் பலர். புருவங்களின் நடுவிலிருந்து மேலுதட்டுப் பள்ளத்தின் வழியாக மோவாய் வரை ஒரு நூலை நீட்டிப் பிடித்தால், எந்த மட்டத்தில் விலகல் தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும். மூக்கின் நுனி பலருக்கு வளைந்திருப்பதால் அதை நம்பி அளப்பதில்லை. பிறகு இருபுறமும் கடைவாய்ப் பற்களுக்கு இடையே குறுக்காக தட்டையான ஒரு மரக்குச்சியைக் கடிக்கச் சொன்னால், அதன் இரு முனைகளும் கண்மணிகளை இணைக்கும் கோட்டுக்கு இணையாக நிற்கின்றனவா, ஒரு பக்கம் ஏறியிருக்கின்றனவா என்று பார்த்துவிடலாம். இந்தச் சாய்வு ஏறத்தாழ 4 டிகிரி அளவை எட்டும்போது பயிற்சி இல்லாத கண்ணுக்கும் அது தெரியும். நோயாளியின் பின்னால் நின்று நெற்றிக்கு மேலிருந்து குனிந்து பார்ப்பதையும் நான் தவிர்ப்பதில்லை; கன்ன எலும்பின் வேறுபாடு அந்தக் கோணத்தில்தான் தெளிவாகத் தெரியும்.

அடுத்து வரும் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஆனாலும் எல்லாவற்றிலும் முக்கியமானது அதுதான் என்று நினைக்கிறேன். வாயை அகலத் திறந்து, மெதுவாக மூடி, முதல் பல் தொட்ட இடத்தில் நிறுத்தச் சொல்ல வேண்டும். சில குழந்தைகளுக்குத் திறந்த வாயில் இரு நடுக்கோடுகளும் நேராக இருக்கும். மூடி வரும்போது மேல், கீழ்ப் பால் கோரைப்பற்கள் முனையோடு முனை முட்டும். அங்கே முழுதாகக் கடிக்க வழியில்லாததால், கீழ்த்தாடை சற்றே தயங்கி ஒரு பக்கம் வழுக்கிச் சென்று அமரும். அந்தப் பக்கத்தில் மேல் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உட்புறமாக விழுந்து, கிராஸ்பைட் எனப்படும் குறுக்குக்கடி தோன்றும். கடித்த நிலையை மட்டும் பார்ப்பவர், மேல்தாடை ஒரு பக்கம்தான் குறுகியிருக்கிறது என்று எண்ணிவிடுவார். உண்மையில் இருபுறமும் சமமாகக் குறுகியிருக்கும். ஆகவே விரிப்பதும் இருபுறமும் சமமாகவே இருக்க வேண்டும். அண்ணத்தில் பொருத்தும் விரிப்புக் கருவியின் திருகு, வழக்கமாக ஒரு கால் திருப்பத்துக்கு 0.25 மி.மீ. விரியும். அண்ணத்தின் நடு இணைப்பு இறுகாத இளவயதில் இதைச் செய்துவிட்டால், கீழ்த்தாடை தானாகவே நடுவுக்கு வந்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தாலோ, ஒதுங்கிய நிலையிலேயே தாடை வளர்ந்து, வழுக்கலாக இருந்தது எலும்பின் கோணலாகவே நிலைத்துவிடக்கூடும். பால் பற்கள்தானே, விழுந்து முளைத்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று பெற்றோரிடம் சொல்லப்படுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

எக்ஸ்ரே படங்கள் இதற்குப் பிறகுதான். முன்பக்கத் தலைப் படம் எடுக்கும்போது தலையை நிலைநிறுத்தக் காதுகளில் தண்டுகளைப் பொருத்துவார்கள்; இரு காதுகளும் ஒரே மட்டத்தில் இல்லாதவருக்கு அதனால் தலையே சாய்ந்து, இல்லாத கோணல் படத்தில் வந்துவிடும். முப்பரிமாணமாகக் காட்டும் கோன் பீம் சி.டி. இந்தக் குழப்பத்தை நீக்கும் என்றாலும், கதிர்வீச்சைக் கருதி, எலும்பின் கோணல் இருப்பதாகச் சோதனையில் தோன்றியவர்களுக்கு மட்டுமே அதை எழுதித் தருகிறேன்.

எலும்பின் கோணல் உறுதியானால், அது இன்னும் கூடிக்கொண்டிருக்கிறதா என்பதை அறிய வேண்டும். சிறுவயதில் விழுந்து தாடை மூட்டுத்தலை (காதருகே மூட்டில் அமரும் கீழ்த்தாடையின் உருண்டை முனை) முறிந்து, அந்தப் பக்கத்தின் வளர்ச்சி குன்றியிருந்தால், மோவாய் முறிந்த பக்கமே விலகும். மாறாக, மூட்டுத்தலை ஒன்று அளவுக்கு மீறி வளரும் நிலையில் மோவாய் எதிர்ப்பக்கம் தள்ளப்படும். மற்றவர்களுக்கு வளர்ச்சி ஓய்ந்த வயதிலும் இது தொடரலாம். பழைய புகைப்படங்களைக் கொண்டுவரச் சொல்வது இதற்காகத்தான். டெக்னீசியம் 99எம் என்ற கதிரியக்க மருந்தைக் கொண்டு எடுக்கும் எலும்பு ஸ்கேனில் இரு மூட்டுத்தலைகளும் மருந்தை ஈர்க்கும் அளவில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வேறுபாடு இருந்தால், வளர்ச்சி நடப்பதாகச் சந்தேகிக்கிறோம். மூட்டு அழற்சியும் அதே தோற்றத்தைத் தரும் என்பதால், சில மாத இடைவெளியில் எடுத்த அளவுகளோடு ஒப்பிடாமல் ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. வளர்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போது செய்த எந்தத் திருத்தமும் நிற்காது.

வளர்ந்தவர்களிடம் எலும்பின் கோணலைப் பற்கள் ஓரளவு ஈடுகட்டியிருக்கும். மோவாய் விலகிய பக்கத்தில் கீழ்க் கடைவாய்ப் பற்கள் நாக்கை நோக்கியும், மேல் கடைவாய்ப் பற்கள் கன்னத்தை நோக்கியும் சாய்ந்திருக்கும். அறுவை சிகிச்சை செய்வதாக இருந்தால், முதலில் இந்தச் சாய்வை நீக்கி ஒவ்வொரு பல்லையும் அதன் எலும்பின் மேல் நிமிர்த்த வேண்டும். அந்த மாதங்களில் கடி மேலும் மோசமாகத் தெரியும் என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி கலங்கிப்போவார்.

அறுவை சிகிச்சை வேண்டாம் என்பவர்களுக்கு, கோணல் மிதமானதாக இருந்தால், ஒரு பக்கம் மட்டும் பல் எடுத்தோ, எலும்பில் மினி ஸ்க்ரூ பொருத்திப் பற்களை இழுத்தோ நடுக்கோடுகளைப் பொருத்தலாம். முன்பற்களில் குறுக்காக ரப்பர் பேண்ட் மாட்டி இழுப்பது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் அது பற்களைப் பக்கவாட்டில் மட்டுமல்லாமல் செங்குத்தாகவும் இழுப்பதால், நீண்ட நாள் மாட்டினால் மேல், கீழ்ப் பற்கள் சந்திக்கும் கடிமட்டமே சாய்ந்துவிடும். நடுக்கோடு சற்று விலகி, பற்கள் நேராக நின்றால் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. முன்பற்கள் சாய்ந்து நின்றால் கவனித்துவிடுவார்கள். ஆகவே, விலகல் சிறிதாக இருந்தால், அதை அப்படியே விட்டுப் பற்களை நேராக நிறுத்துவதையே நான் தேர்ந்தெடுக்கிறேன். இந்த வழியில் செல்பவர்களிடம், பற்கள் பொருந்திய பின்னும் மோவாய் இருந்த இடத்திலேயே இருக்கும் என்பதை, அவர்களுடைய புகைப்படத்தின் மேல் கோடிட்டுக் காட்டி, கிளிப் ஒட்டுவதற்கு முன்பே ஒப்புதல் வாங்கிக்கொள்கிறேன்.