முப்பது வயதும் எங்கள் வேதாகம ஆசிரியரும்

எங்களுக்கு வேதாகமம் படிப்பித்த சேர் யாழ்ப்பாணத்தில் காலமான செய்தி வந்த வாரத்திலேயே மலருக்குக் கட்டுரையும் கேட்கப்பட்டதால், அவரைத் தவிர வேறெவரைப் பற்றியும் எழுத மனம் வரவில்லை.

அவர் படிப்பிக்க வந்தபோது, உயர்தர வகுப்பு அண்ணன்மாரைவிடச் சற்றே மூத்தவராகத் தெரிந்தார். பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "இயேசுநாதரே முப்பது வயதுவரை காத்திருந்தார், அதற்கு முன் யூதரிடையே எவரும் போதகராக முடியாது, இந்தப் பொடியன் எப்படி வேதம் படிப்பிக்கலாம்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். சேர் பதில் பேசாமல் தலைகுனிந்து நின்றதை யன்னலோரம் நின்ற நாங்கள் பார்த்தோம்.

அடுத்த பாடவேளையில் பழைய ஏற்பாட்டு நூலான எண்ணாகமத்தைத் திறக்கச் சொன்னார். நாலாம் அதிகாரத்தில் வரும் 30 முதல் 50 வயது என்ற வரம்பு, இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தில் பணிசெய்த லேவி குலத்தாருக்கு உரியது. எட்டாம் அதிகாரத்தில் அதன் தொடக்கம் 25. முதலாம் நாளாகமம் 23இல் 20. இயேசுவுக்கு ஏறக்குறைய 30 வயது என்று லூக்கா எழுதுகிறாரே தவிர, போதிப்பதற்கு அது விதி என்று சொல்லவில்லை. ஆனாலும் முதுமைக்கு அச்சமூகம் கொடுத்த மதிப்பைச் சேர் மறைக்கவில்லை; அவருடைய நேர்மையை நான் கண்டது அங்கேதான். யோபு நூலில் மூத்தவர்கள் பேசி முடிக்கும்வரை இளைஞனான எலிகூ காத்திருந்ததையும், யூதரின் மரபுச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் ஆவோத் பகுதி 40 வயதைப் புரிதலுக்கும் 50ஐ ஆலோசனைக்கும் உரியதாக வைப்பதையும் அதே மூச்சில் சொன்னார்.

எருசலேம் ஆலய அழிவுக்குப் பிந்திய ரபிமாரை, அதாவது யூத வேத ஆசிரியர்களைப் பற்றி அடுத்த வருடம் சொல்வதாக இருந்தார். அதற்குள் நான் கனடாவுக்கு வந்துவிட்டேன். அந்த ரபிமாரில் ஒருவரான எலேயாசர் பென் அசரியாவை ரொறன்ரோ நூலகத்தில் தனியாகத்தான் படித்தேன். யூத அறிஞர்களின் கல்விக்கூடம் இருந்த யவ்னே ஊரில், அதன் தலைவர் கமாலியேலை நீக்கிய அறிஞர்கள் எலேயாசரைத் தலைவராக்க முற்பட்டபோது அவருக்கு வயது 18 என்கிறது ரபிமாரின் விவாதங்களைத் தொகுத்த பாபிலோனியத் தல்மூத். எருசலேம் தல்மூத் 16 என்கிறது. அறிவும் செல்வமும் வேதபாரகர் எஸ்றாவின் வழிவந்த குலமும் இருந்தும், "உங்களுக்கு நரையில்லையே" என்று மனைவி தயங்கினாராம். அன்றே அவர் தலையில் பதினெட்டு வரிசை நரைத்ததாம். கல்விக்கூட வாசற்காவலன் அதே நாளில் அகற்றப்பட்டு, அதுவரை தடுக்கப்பட்டிருந்த மாணவர்களுக்காகப் புதிய வாங்குகள் போடப்பட்டன என்ற செய்தியே என்னை அதிகம் நெகிழ்வித்தது.

அந்த நரை இளைஞனுக்குக் கிடைத்த அருளா, மூப்பை விட்டுக்கொடுக்காத சபைக்கு அளிக்கப்பட்ட சமாதானமா என்று சேரிடம் நேரில் கேட்க விரும்பியிருந்தேன். அந்தப் பாடத்தை இருந்து கேட்ட நண்பர்கள், அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள்.