கச்சானை முதலில் எதிர்த்து

இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து பாம்பனுக்குத் திரும்பியதும், தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர் என்றேன். மச்சான் கேட்டான்: "முப்பது வருசம் கடல்ல உழைச்ச உடம்பு மச்சான். இதுக்கு மேல என்ன நடை?"

நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் விசைப்படகு டிரைவருக்கு நின்ற இடத்தில் ஸ்டியரிங் பிடிக்கிற வேலை. வலையை இழுப்பது வின்ச் எந்திரம். ராத்தூக்கம் கெட்டது, பீடி புகைந்தது, உடம்பு அசந்தது. மூச்சு வாங்க நடந்ததுதான் இல்லை.

எக்கோ, டிரெட்மில் என்று இதயச் சோதனைகள் பார்த்து டாக்டர் சரி என்ற பிறகே தொடங்கினேன். ஏப்ரல் 15 தாண்டி, மீன்பிடித் தடைக்காலம் பிறந்திருந்தது. முதல் வாரம் பத்தே நிமிடம், சமமான சிமென்ட் ரோட்டில். கால் புதைகிற மணலில் அதே தூரத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். தொடக்கமும் முடிவும் மெதுவாக. சட்டென்று நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்.

மகன் நாடித்துடிப்பு காட்டும் வாட்ச் வாங்கித் தந்தான். அதை நம்பி வேகம் கூட்டாதீர்கள் என்றார் டாக்டர். நான் சாப்பிடும் மெட்டோபுரோலால் மாத்திரை துடிப்பை ஏறவிடாது. சிரமப்பட்டாலும் வாட்ச் குறைத்தே காட்டும். "பேச முடியணும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும்." அன்றிலிருந்து என் மனைவிதான் அளவுகோல். நண்டு விலை, பேத்தியின் பள்ளிக்கூடம் என்று கேட்டுக்கொண்டே கூட நடப்பாள். பதில் துண்டு துண்டாக வந்தால், "மெதுவாங்க."

மே மாதம் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியது. ஒருநாள் காற்று முதுகைத் தள்ள சுகமாகப் போய்விட்டேன். திரும்பும்போது எதிர்க்காற்று. நெஞ்சில் கல்லை வைத்தாற்போல் இறுக்கம். வீடு பக்கம்தானே என்று நடக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை. கரையேற்றியிருந்த நாட்டுப்படகு ஓரம் உட்காரவைத்து, டாக்டர் கொடுத்திருந்த மாத்திரையை நாக்கடியில் வைத்தாள். ஐந்து நிமிடத்துக்குள் தணிந்தது. தணியாவிட்டால் 108ஐ அழைப்பது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். தணிந்தும் அன்றே டாக்டரிடம் போனோம். அவர் மருந்தளவை மாற்றி, மறுபடி பத்து நிமிடத்திலிருந்து தொடங்கச் சொன்னார். தொடங்கினேன்.

இப்போது புறப்படும்போதே கச்சானுக்கு முகம் கொடுக்கிறேன். களைத்துத் திரும்பும்போது அது முதுகில் இருக்கும். வெயில் ஏறுமுன் அரைமணி, வாரம் ஐந்து நாள். மொத்தம் 150 நிமிடம். பெரியவர்களுக்கு இதுவாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மச்சானுக்கு பிரஷர் உண்டு. நேற்று அவனும் வந்தான். வந்ததுமே எட்டி நடை போட்டான். ஐஸ் என்ன விலை என்று கேட்டேன். கையைத்தான் காட்டினான், பேச்சு வரவில்லை. தோளைப் பிடித்து என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.