10,306 வெள்ளியும் என் நான்கு பெயர்களும்

மலேசியாவுக்கு வேலைக்கு வரப்போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அங்கே தமிழ் பேசினாலே போதுமாமே?" என்பதுதான். கே.எல். என்று எல்லாரும் சுருக்கும் கோலாலம்பூரில், கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஐந்து நிமிடம் நடந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மல்லிகைப்பூ, வாழையிலைச் சாப்பாடு, கடைக்குக் கடை பழைய பாட்டு. 2023 ஆகஸ்ட் 14-ஆம் தேதி வந்து இறங்கிய நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பில் நான் இழந்தது 10,306 வெள்ளி. ரிங்கிட்டை இங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்பார்கள். அப்போது ஒரு வெள்ளி ஏறக்குறைய 18 ரூபாய். ஊர்க் கணக்கில் 1 லட்சத்து 85 ஆயிரம். பணம் கடைசியில் திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் இதை எழுதும்போது வயிறு எரியத்தான் செய்கிறது.

வேலை பாஸை, அதாவது இங்கே வேலை செய்வதற்கான அனுமதியை, கம்பெனியே எடுத்துக் கொடுத்தது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. நான் விசாவுக்கு அலைந்து முடித்து வந்த மூன்றரை மாதத்தில், டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாமலே வரலாம் என்று ஆக்கிவிட்டார்கள். என் ராசி அப்படி. அது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு மட்டும்தான். "முதலில் வந்துவிடு, வேலை பார்த்துக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 2024 முதல் இன்னொன்றும் உண்டு: வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் இணையதளங்கள் எல்லாம் டூப்.

வீடு தேடும்போதுதான் முதல் அடி. ஆபீஸ் பெட்டாலிங் ஜெயாவில். விளம்பரத்தைப் பார்த்து ஏஜென்டுக்குப் போன் செய்தால் பெயரைக் கூடக் கேட்பதில்லை, முதல் கேள்வியே "என்ன இனம்?" என்பதுதான். தமிழ் என்றேன். "உள்ளூர் இந்தியரா, இந்தியா இந்தியரா?" என்றார். இந்தியா என்றதும், வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்வதாக வைத்தவர்தான், இன்றுவரை சொல்லவில்லை. சில விளம்பரங்களில் இந்த இனத்துக்கு மட்டும் என்று பச்சையாகவே போட்டிருப்பார்கள். சென்னையில் "வெஜிடேரியன் ஒன்லி" போர்டு பார்த்துப் பழகிய எனக்கே சுருக்கென்றது. என் ஆபீஸ் அண்ணனிடம் புலம்பினேன். அவர் மூன்றாம் தலைமுறை. தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்; அந்தத் தோட்டம் இப்போது செம்பனைக் காடு. "எங்களுக்கே இதுதான் தம்பி. ஐசி கையிலே வெச்சிருக்கிற எனக்கே வீடு இல்லேங்கிறான்" என்று சிரித்தார். ஐசி என்பது இந்த நாட்டு அடையாள அட்டை. ஏழு வீடு கைநழுவி எட்டாவது கிடைத்தது. வீட்டுக்காரர் ஒரு சீனப் பாட்டி. "சமைப்பியா?" என்பதைத் தவிர அவர் எதுவுமே கேட்கவில்லை.

வாடகை 1,500 வெள்ளி. குடியேறும்போது இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று மூன்றரை மாதப் பணத்தை ஒரே நாளில் எண்ணி வைக்க வேண்டும். 5,250 வெள்ளி. இந்த எண்ணை ஞாபகத்தில் வையுங்கள், திரும்ப வரும். ஊரிலிருந்து கிளம்பும்போது குறைந்தது இவ்வளவாவது கையில் இருக்கட்டும்.

அடுத்தது வங்கிக் கணக்கு. சம்பளம் போடக் கணக்கு வேண்டும் என்றது கம்பெனி. கணக்குத் திறக்கக் கம்பெனி கடிதம் வேண்டும் என்றது வங்கி. அந்த வங்கியின் பெயர் வேண்டாம். கவுண்டரில் தமிழ் அக்கா ஒருவர் இருந்ததைப் பார்த்ததும் பாதி வேலை முடிந்தது என்று உட்கார்ந்தேன்.

"ஐசி குடுங்க" என்றார்.

கடப்பிதழை நீட்டினேன். அவர் முகம் லேசாக மாறியது. பாஸ்போர்ட்டை இங்கே கடப்பிதழ் என்பார்கள். "ஓ, ஊர்லேருந்து வந்தவரா?" ஊர் என்றால் இவர்களுக்குத் தமிழ்நாடு. சொந்த ஊர் ஈப்போவாகவே இருந்தாலும் 'ஊர்' என்னவோ அதுதான்.

படிவத்தில் பாங்சா என்று ஒரு கட்டம். மொழி கேட்கிறார்கள் போல என்று 'தமிழ்' என்று எழுதினேன். "பாங்சான்னா இனம். இந்தியான்னு போடுங்க" என்றார். சரி, இந்தியா. நான்கு வரி தள்ளி வார்கநெகாரா என்று இன்னொரு கட்டம், குடியுரிமை. அதிலும் இந்தியா. அதையும் எழுதிவிட்டு நிமிர்ந்தபோது அக்கா சொன்னார்: "நான் மேலே மட்டும்தான் இந்தியா. கீழே மலேசியா. நீங்க ரெண்டு எடத்திலேயும்." எல்லாரும் என்னை அண்ணே, தம்பி என்று கூப்பிட்டாலும் நான் எந்த வரிசையில் நிற்கிறேன் என்பது அந்த இரண்டாவது கட்டத்தில்தான் இருக்கிறது. இது எனக்கு உறைக்க இன்னும் சில மாதங்கள் ஆயின.

படிவம் முடிந்ததும் என் தாள்களை வரிசையாகப் பரப்பினார். கடப்பிதழில் என் பெயர் முன்னால், அப்பா பெயர் பின்னால். கம்பெனி கடிதத்தில் என் பெயரை இரண்டாக உடைத்து, அப்பா பெயருக்கு ஒற்றை எழுத்து. வீட்டு ஒப்பந்தத்தில் அப்பா பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. அக்கா விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு. இதுல நீங்க யாரு?" நம்ம ஊர் இனிஷியல் வழக்கத்தை விளக்கினேன். அவருக்குத் தெரியாததா? ஆனால் இங்குள்ள தமிழர்களுக்கு அந்தக் குழப்பம் கிடையாது. பெயர், அப்புறம் மகன் அல்லது மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம், அப்புறம் அப்பா பெயர் என்று ஐசியிலேயே அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். கடிதத்தை மாற்றிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்.

இரண்டாம் முறை போனபோது கடிதம் சரி, ஒப்பந்தத்திலும் பெயரைத் திருத்தியாயிற்று. ஆனால் ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டவில்லை. கையெழுத்து போட்டால் மட்டும் அது ஒப்பந்தம் ஆகாதாம். "சாப்பு இல்லியே" என்றார். எனக்கு வந்த முத்திரை வரி அறுபது சொச்சம் வெள்ளி, அவ்வளவுதான். ஏஜென்ட் அதை மறந்துவிட்டார். முன்பணத் தகராறு வந்தாலும் முத்திரை இல்லாத ஒப்பந்தம் கைகொடுக்காது, அதனால் சாவி வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். மூன்றாம் முறை இருபது நிமிடத்தில் கணக்கு திறந்தது. இரண்டு அரை நாள் விடுப்பு போனது போனதுதான்.

இப்போது 5,250-க்கு வருகிறேன். என் சம்பளம் 7,500 வெள்ளி. முதல் முழு மாதச் சம்பளம் 5,250 என்று கணக்கில் ஏறியது. யாரோ வாடகைக் கணக்கைத் தப்பாக அதில் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். சம்பளச் சீட்டைத் திறந்தால் வரிப் பிடித்தம் 2,250. முப்பது சதவீதம். எச்.ஆரில் கேட்டதற்கு "வெளிநாட்டவருக்கு அப்படித்தான்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள்.

அப்படி இல்லை. வரி விஷயத்தில் மலேசியா பார்ப்பது குடியுரிமையை அல்ல, இங்கே இருந்த நாட்களை. ஜனவரி முதல் டிசம்பர் வரையான ஓர் ஆண்டில் 182 நாள் இருந்தால் நீங்கள் வரிக் கணக்கில் உள்ளூர்வாசி. படிப்படியான வரி, கழிவுகள், தள்ளுபடி எல்லாம் உண்டு. குறைந்தால் முதல் வெள்ளியிலிருந்தே 30 சதவீதம். ஆகஸ்ட் 14-இலிருந்து ஆண்டு முடிய எனக்கு 140 நாள்தான். வேலையில் சேரும் தேதி உங்கள் கையில் இருந்தால் ஜூன் மாதத்துக்குள் வந்துவிடுங்கள். ஊரில் ஆடிப்பெருக்கு கழியட்டும் என்று அம்மா சொன்னார், நானும் சரி என்றேன். ஆடி பிறந்த அன்றே கிளம்பியிருந்தாலும் கணக்கு உதைத்திருக்கும், அது வேறு விஷயம்.

என்னைக் காப்பாற்றியது வருமான வரிச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் உள்ள ஓர் உட்பிரிவு. ஆபீஸ் அண்ணனின் மைத்துனர் கணக்காயர். ஒரு மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம்களின் ஓட்டலை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) தே தாரிக் என்கிற ஆற்றிய டீ சூடு ஆறுவதற்குள் டிஷ்யூ தாளில் கோடு போட்டுக் காட்டினார். ஓர் ஆண்டின் கடைசியில் இருக்கும் நாட்கள் 182-க்குக் குறைந்தாலும், அவை இடைவெளி இல்லாமல் அடுத்த ஆண்டின் 182 நாட்களோடு தொடர்ந்தால், முதல் ஆண்டுக்கும் உள்ளூர்வாசிதான். நடுவில் சொந்தக் காரணமாக ஊருக்குப் போவது மொத்தம் 14 நாளைத் தாண்டக் கூடாது. பொங்கலுக்கு நான் போய் வந்தது 9 நாள். மூன்று வாரம் இருந்துவிட்டுப் போ என்று வீட்டில் கெஞ்சினார்கள். லீவு கிடைக்காததால்தான் திரும்பினேன். விடுப்பு தராத மேனேஜரை வாழ்க்கையில் முதல்முறையாக மனதார வாழ்த்தினேன்.

2024 லீப் ஆண்டு. ஜனவரி 1-இலிருந்து எண்ணினால் 182-ஆவது நாள் சரியாக ஜூன் 30. அதுவரை காத்திருந்தேன்.

அதற்கு முன்பு இணைய வரிக் கணக்குக்கான பின் நம்பர் வாங்க ஒரு வியாழக்கிழமை கே.எல்.லில் உள்ள வரி அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் ஆபீஸ் வழக்கம்போல நடக்கிறது, ரயில் ஓடுகிறது, நான் அரை நாள் விடுப்பில் போய் நின்றால் கதவு பூட்டியிருக்கிறது. காவலாளி தமிழர். "இன்னிக்கு பிப்ரவரி ஒண்ணு லா. கூட்டரசுப் பிரதேச தினம்" என்றார். பெட்டாலிங் ஜெயா சிலாங்கூர் மாநிலம். கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம். ரயிலில் அரை மணி நேரம்தான், விடுமுறைப் பட்டியல் வேறு. இந்த நாட்டில் 13 மாநிலங்கள், 3 கூட்டரசுப் பிரதேசங்கள். ஒவ்வொரு சுல்தானின் பிறந்தநாளுக்கும் அந்தந்த மாநிலத்தில் விடுமுறை. கெடா, கிளந்தான், திரங்கானுவில் வார விடுமுறையே வெள்ளி, சனி. தைப்பூசத்துக்குக் கே.எல்., சிலாங்கூர், பினாங்கு எல்லாம் விடுமுறை, ஆனால் நாடு முழுக்க இல்லை. எந்த அலுவலகத்துக்குக் கிளம்பும் முன்பும் அது எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

ஜூலையில் கடப்பிதழின் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்து, போன தேதி வந்த தேதியெல்லாம் அட்டவணை போட்டு, வரி அலுவலகத்தில் திருத்த மனு கொடுத்தேன். உள்ளூர்வாசிக் கணக்கில் என் 2023 வரி எவ்வளவு தெரியுமா? 9,000 வெள்ளி கழிவு போய், 400 வெள்ளி தள்ளுபடியும் போய், பூஜ்யம். அந்த ஆண்டு முழுக்கப் பிடித்த 10,306-உம் திரும்ப வேண்டியது.

இதற்கிடையே டிசம்பரில் என் கடப்பிதழ் காலாவதி ஆகும் நிலை வந்து புதுப்பித்தேன். இங்குள்ளவர்களின் ஐசி எண் பிறந்த தேதியில் தொடங்கும் 12 இலக்கம், சாகும் வரை மாறாது. நமக்கோ ஒவ்வொரு கடப்பிதழுக்கும் புது எண். வேலை பாஸ், சிம் கார்டு, வங்கி, வரி என்று அந்த எண்ணில் தொங்கும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். நான் பாஸையும் வரியையும் மாற்றினேன். வங்கியை மறந்தேன். மார்ச்சில் வரி அலுவலகம் அனுப்பிய பணம், எண் பொருந்தவில்லை என்று வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

இந்த ஐசி விஷயம் மற்ற இடங்களிலும் முளைத்துக்கொண்டே இருக்கும். மாதம் 50 வெள்ளிக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் ரயிலும் பஸ்ஸும் ஏறும் சீட்டு, குடிமக்களுக்கு மட்டும். அரசு கிளினிக்கில் அவர்களுக்கு ஒரு வெள்ளி, நமக்கு வேறு கட்டணம். 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து பெட்ரோலும் அப்படித்தான்: ஐசி காட்டினால் ரோன் 95 லிட்டர் 1.99 வெள்ளி, இல்லாவிட்டால் கூடுதல் விலை. குறை சொல்லவில்லை, அவர்கள் நாடு, அவர்கள் மானியம். ஆனால் ஊரிலிருந்து செலவுக் கணக்கு போடும்போது உள்ளூர்த் தமிழர் சொல்லும் விலையை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். மனைவியை அழைத்து வருகிறவர்களும் ஒன்றைக் கணக்கில் வையுங்கள்: சார்ந்தோர் பாஸில் வந்தவர் வேலைக்குப் போக முடியாது, அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

மறுபடியும் அதே வங்கி, அதே கவுண்டர், அதே அக்கா. புதுக் கடப்பிதழை நீட்டினேன். இந்த முறை விண்ணப்பத்தில் நான் கவனமாக நிரப்பியும், அப்பா பெயரின் நடுவில் ஓர் இடைவெளி விழுந்து அச்சாகியிருந்தது. அவர் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது நாலாவது ஆளா?"

"அதே ஆள்தான்க்கா."

சிரித்துக்கொண்டே எண்ணை மாற்றி, இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கி, சாப்பை எடுத்து ஓங்கி அடித்தார். பதினோராவது நாள் பணம் ஏறியது. 10,306, சென் கூடக் குறையாமல்.