பதிவு செய்தவர்களும் முடித்தவர்களும்

எங்கள் பொறியியல் கல்லூரியில் என்.பி.டி.இ.எல். இணையவழிப் படிப்புகளுக்கு மாணவர்களை வழிநடத்தும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய திட்டம் இது. ஐ.ஐ.டி. வகுப்பில் உட்காருவதற்கு லட்சக்கணக்கானோரை முந்த வேண்டும். அங்கே பாடம் எடுக்கும் பேராசிரியரின் பாடத்தையே எங்கள் விடுதி மாணவி காணொளியில் காசு கொடுக்காமல் கேட்கிறாள். என் பணிக்காலத்தில் உயர்கல்விக்கு நேர்ந்த பெரிய நன்மைகளில் ஒன்றாகவே இதை நினைக்கிறேன்.

ஆனால் சேருவோரில் பெரும்பாலோர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். 2011-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாக நடத்தியபோது சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். முடித்தவர்கள் ஏறத்தாழ 23,000 பேர்தான். இங்கும் முதல் வாரக் கூட்டம் நான்காம் வாரத்தில் இருப்பதில்லை. பிள்ளைகளுக்குச் சோம்பல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த ஒரு மாணவி, கணினியில் தரவுகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறைகளைச் சொல்லும் தரவுக் கட்டமைப்புப் பாடத்தை எடுத்திருந்தாள். காணொளியின் வேகத்தை முக்கால் அளவுக்குக் குறைத்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, நோட்டில் தமிழில் எழுதிக்கொள்வாள். அரைமணி நேரப் பாடத்துக்கே அவளுக்கு மாலைப்பொழுது முழுவதும் போய்விடும். ஒவ்வோர் உறுப்பும் தனக்கு அடுத்தது எங்கே என்று சுட்டிக்காட்டும் இணைப்புப் பட்டியலின் நடுவிலிருந்து ஓர் உறுப்பை நீக்கும் இடத்தில் வந்து நின்றுவிட்டாள். கரும்பலகையில் பெட்டிகளையும் அம்புக்குறிகளையும் வரைந்தேன். முந்தைய பெட்டியின் அம்பை அடுத்த பெட்டிக்குத் திருப்பாமல் நடுப்பெட்டியை அழித்தால், பின்னால் இருப்பதெல்லாம் எட்டாமல் போய்விடும் என்று தமிழில் சொன்னேன். சட்டென்று சாக்பீஸை வாங்கி, முதல் பெட்டியையே நீக்கினால் என்ன ஆகும் என்று அவளே வரையத் தொடங்கிவிட்டாள். அத்தனை காணொளிகளுக்கும் பிறகு அவளுக்குத் தேவைப்பட்டது பக்கத்தில் நின்று பதில் சொல்ல ஓர் ஆள்.

அந்த ஆள் இல்லாத இடத்தில் வாட்ஸ்அப் புகுந்துவிடுகிறது. வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், கண்காணிப்புடன் நடக்கும் தேர்வுக்கு 75. பயிற்சிக்கான விடைகள் கெடு முடிவதற்குள் குழுக்களில் சுற்றுகின்றன. இப்படி 25-ஐச் சேர்த்துக்கொண்டவர்கள் தேர்வு மையத்தில் திணறுகிறார்கள். பாடம் இலவசம் என்றாலும் தேர்வுக்குக் கட்டணம் உண்டு. ஆயிரம் ரூபாய் என்பது கூலி வேலை செய்யும் குடும்பத்துக்குப் பெரிய தொகை. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை என்.பி.டி.இ.எல். பாடங்களும் இடம்பெறும் மத்திய அரசின் ஸ்வயம் இணையத் தளத்தின் வழியே படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் அனுமதித்தது. நல்ல முடிவுதான். அதைக் காட்டி எல்லோரையும் கட்டாயமாகப் பதிவு செய்யவைக்கும் கல்லூரிகள்தான் இந்தக் காப்பியடித்தலை வளர்க்கின்றன.

விரும்பி வருகிறவர்கள் மட்டும் சேரட்டும். ஏற்கெனவே தேர்ச்சி பெற்ற மாணவர்களைக் கொண்டு சனிக்கிழமைதோறும் ஆய்வகத்தில் சந்தேகம் தீர்க்கும் வகுப்பை நடத்துகிறோம். அந்த நேரத்தைக் கால அட்டவணையில் சேர்த்து, ஆசிரியரின் பணிநேரமாகவும் கணக்கிட வேண்டும் என்று ஒவ்வொரு துறைக் கூட்டத்திலும் கேட்டுவருகிறேன்.